ஒரே சொல், இரண்டு போத்தல்: மனநல இயக்கங்களும் கம்பனிக் காசும்

கற்பிட்டிப் பக்கம் தோட்டம் செய்யுறவங்களிடம் "மருந்து" என்று சொன்னால் முதலில் ஆஸ்பத்திரி ஞாபகம் வராது. "மருந்து அடிச்சாச்சா?" என்றால் அது மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும். "மருந்து எடுத்தாச்சா?" என்றால் அது கிளினிக்கில் கிடைக்கிற குளிசை. மூன்றாவதாக ஒன்றும் இருக்கு: "மருந்து குடிச்சிட்டான்." அந்த வசனம் காதில் விழுந்தால் அந்தத் தெருவே ஓடும். கற்பிட்டியில் இருந்து நுரைச்சோலை, முந்தல், உடப்பு வரைக்கும் இந்த மூன்றுக்கும் ஒரே சொல்தான். வினைச்சொல் மட்டும்தான் மாறுது.

இந்தச் சொல்லைப் பற்றி நாங்கள் யோசிக்கத் தொடங்கியது ஒரு பெனரால். ஒக்டோபர் 10 உலக மனநல தினம். 1992இல் இருந்து கொண்டாடப்படுகிறது. அந்த நாளில் ஊரில் ஒரு பாடசாலை மண்டபத்தில் சின்னதாக ஒரு கூட்டம் வைக்கலாம் என்று எங்கள் குழு முடிவு செய்தது. மண்டபம், தேத்தண்ணி, ஒலிபெருக்கி, வந்துபோக பஸ் காசு என்று கணக்குப் போட்டோம். கையில் இருந்தது பாதிகூட இல்லை. அந்த நேரம் ஒரு நண்பர் மூலம் ஓர் ஆங்கில மருந்து விநியோகக் கம்பனி அனுசரணை தர முன்வந்தது. முழுச் செலவும் அவங்களுடையது. பதிலுக்குக் கேட்டது இரண்டே இரண்டு: மேடைக்குப் பின்னால் அவங்களுடைய பெனர், வருகிறவர்களுக்கு அவங்கள் அச்சடித்துத் தரும் "உங்களுக்கு மனச்சோர்வா?" என்ற துண்டுப்பிரசுரம்.

எங்களுக்குள் சண்டை வந்தது. "காசு எங்கிருந்து வந்தா என்ன, நல்ல விசயம்தானே?" என்றது ஒரு பக்கம். "இலவசமா யாரும் எதுவும் தரமாட்டாங்க" என்றது மறுபக்கம். இரண்டுமே ஊரில் எல்லோரும் சொல்கிற பேச்சுத்தான். யாருக்கும் ஒழுங்காக வரலாறு தெரியவில்லை. அதனால் தேடிப் படித்தோம். படித்ததில் தெளிவானதை இங்கே எழுதுகிறோம்.

தாய்மார் தொடங்கிய இயக்கம்

அமெரிக்காவில் மனநோயாளிகளுக்காகப் பேசும் பெரிய அமைப்பு "நாமி". முழுப்பெயர் மனநோய்க்கான தேசியக் கூட்டணி. 1979இல் விஸ்கொன்சின் மாநிலத்தின் மாடிசன் நகரில் தொடங்கியது. தொடங்கியவர்கள் வைத்தியர்களோ கம்பனிக்காரர்களோ அல்ல, மனச்சிதைவு நோய் வந்த பிள்ளைகளின் பெற்றோர். அந்தக் காலத்தில் பிள்ளைக்கு இந்த நோய் வந்தால் தாய் வளர்த்த முறைதான் காரணம் என்று சொல்கிற கொள்கை உளமருத்துவத்துக்குள்ளேயே இருந்தது. நோயையும் தாங்கி, பழியையும் தாங்கிய தாய்மார் ஒன்றுகூடினாங்க. "இது மூளையில் வருகிற நோய், எங்கள் குற்றமில்லை" என்று சொன்னாங்க. அந்தக் குரல் நேர்மையானது என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் "இது மூளை நோய்" என்ற வசனம் இன்னொரு தரப்புக்கும் வசதியாக இருந்தது. மூளை நோய் என்றால் அதற்குக் குளிசை இருக்கு. 1990களில் புதிய மனநோய் மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சந்தைக்கு வந்தன. விலையும் அதிகம். அரசாங்கமும் காப்புறுதிக் கம்பனிகளும் அந்த விலையைக் கொடுக்கவேண்டும் என்று கேட்க ஆள் தேவைப்பட்டது. கம்பனி கேட்டால் வியாபாரம், தாய் கேட்டால் நியாயம்.

1999இல் 'மதர் ஜோன்ஸ்' சஞ்சிகை ஒரு கணக்கை வெளியிட்டது. 1996இல் இருந்து 1999 நடுப்பகுதி வரைக்கும் 18 மருந்துக் கம்பனிகள் நாமிக்கு 1 கோடி 17 இலட்சம் டொலருக்கு மேல் கொடுத்திருந்தன. அதிகம் கொடுத்தது 'புரோசாக்' தயாரித்த எலி லில்லி. அந்தக் கம்பனியின் அதிகாரி ஒருவர், சம்பளம் கம்பனியில் வாங்கிக்கொண்டே நாமி அலுவலகத்தில் இருந்து வேலை செய்தார் என்பதும் வெளிவந்தது. பத்து வருடம் கழித்து, 2009இல், செனட்டர் சார்ல்ஸ் கிராஸ்லி விசாரணை நடத்தினார். 2006இல் இருந்து 2008 வரைக்கும் நாமிக்கு மருந்துக் கம்பனிகளிடமிருந்து வந்தது சுமார் 2 கோடி 30 இலட்சம் டொலர் என்று தெரிந்தது. அமைப்புக்கு வந்த நன்கொடையில் அது ஏறத்தாழ முக்கால்வாசி.  அதற்குப் பிறகுதான் நன்கொடையாளர் பெயர்களை நாமி பகிரங்கமாக வெளியிடத் தொடங்கியது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. நாமி போன்ற அமைப்புகள் நிறையச் சாதித்திருக்கின்றன. உடல்நோய்க்கு எப்படிக் காப்புறுதி கொடுக்கிறீர்களோ அப்படித்தான் மனநோய்க்கும் கொடுக்கவேண்டும் என்று அமெரிக்கா 2008இல் சட்டம் போட்டதில் அவர்களின் பல வருடப் போராட்டத்துக்குப் பங்கு இருக்கு. ஆகவே "எல்லாம் கம்பனியின் பொம்மைகள்" என்று எழுதிவிட்டுப் போகிற கட்டுரை இது இல்லை.

காசு எதை வாங்குகிறது?

கம்பனி காசு கொடுத்தால் அமைப்பு பொய் சொல்லும் என்றுதான் நாங்களும் முதலில் நினைத்தோம். படிக்கப் படிக்க வேறொன்று விளங்கியது.

'சாட்' என்று ஓர் அமைப்பு. கவனக்குறைவு, மிகைச்செயற்பாடு உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்காக 1987இல் அமெரிக்காவில் தொடங்கியது. இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் 'ரிட்டலின்' மருந்தைத் தயாரித்தது சுவிற்சர்லாந்துக் கம்பனியான சீபா-கைகி. ரிட்டலின் துஷ்பிரயோகம் செய்யப்படக்கூடியது என்பதால் அமெரிக்காவில் அதற்குக் கடும் கட்டுப்பாடு உண்டு. 1994இல் சாட் அமைப்பு, ஒரு வைத்தியர் சங்கத்துடன் சேர்ந்து, அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தும்படி போதைப்பொருள் அமுலாக்கல் நிர்வாகத்திடம் மனுக் கொடுத்தது. மாதா மாதம் புதுச் சீட்டுக்கு அலைகிற பெற்றோரின் கஷ்டம் உண்மையானது. ஆனால் சாட்டுக்குச் சீபா-கைகி இலட்சக்கணக்கான டொலர் கொடுத்திருந்தது என்பது 1995இல் வெளியே வந்தது. மனு கைவிடப்பட்டது.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை. பெற்றோருக்கு நூறு பிரச்சினை இருந்திருக்கும்: பாடசாலை, வகுப்பில் 40 பிள்ளை, ஆசிரியர் பற்றாக்குறை, கேலி. அந்த நூறில் எது வாஷிங்டன் வரைக்கும் போய்ச் சேரும் என்பதைத் தீர்மானிக்கக் காசு உதவியது. மருந்தால் தீரக்கூடிய பிரச்சினைக்கு ஒலிபெருக்கி கிடைத்தது. மற்றதெல்லாம் வீட்டுக்குள்ளேயே இருந்தது.

ஜப்பானிலும் இதே மாதிரி. அங்கே மனச்சோர்வு என்ற சொல்லைச் சாதாரண சனம் தங்களுக்குப் பாவிக்கிற வழக்கம் குறைவு. 2000ஆம் ஆண்டு 'பாக்சில்' என்ற மருந்து அங்கே விற்பனைக்கு வந்த காலத்தில் "கொக்கோரோ நோ கஸே", அதாவது "மனசுக்கு வந்த தடிமன்" என்ற சொற்றொடர் விளம்பரங்களாலும் விழிப்புணர்வுப் பிரசாரங்களாலும் பரவியது. தடிமன் எல்லோருக்கும் வரும், வெட்கப்பட ஒன்றுமில்லை, குளிசை போட்டால் போய்விடும். வெட்கம் குறைந்தது நல்லது. ஆனால் இரவிரவாக வேலை வாங்குகிற கம்பனிகளைப் பற்றி அந்தச் சொற்றொடரில் இடமில்லை.

ஒரே வம்சம்

இனி எங்கள் கரைக்கு வருவோம். அதற்கு முதல் ஒரு சின்ன வம்சாவளி.

ரிட்டலின் தயாரித்த அதே சீபா-கைகி பீடைகொல்லியும் தயாரித்தது. 'மொனோகுரோட்டோபொஸ்' என்ற கடும் நஞ்சு அவர்களின் தயாரிப்புகளில் ஒன்று. 1996இல் சீபா-கைகியும் சாண்டோசும் சேர்ந்து நோவார்ட்டிஸ் ஆனது. நாமிக்குக் காசு கொடுத்த அந்த 18 கம்பனிகளில் நோவார்ட்டிசும் ஒன்று. மறுபக்கம் பிரித்தானியாவின் ஐ.சி.ஐ. 'கிரமக்சோன்' என்ற பெயரில் பரகுவாட் களைநாசினியை 1960களில் சந்தைக்குக் கொண்டுவந்தது அதுதான். அதன் மருந்துப் பிரிவும் விவசாய இரசாயனப் பிரிவும் 1993இல் செனெகா என்று தனியாகின. 1999இல் அது அஸ்ட்ராசெனெகா ஆனது. 'செரோகுவெல்' என்ற மனநோய் மருந்து அவர்களுடையது. அனுமதியில்லாத தேவைகளுக்கு அதை விற்க முயன்றதாக எழுந்த வழக்கில் 2010இல் அந்தக் கம்பனி 52 கோடி டொலர் கட்டியது. 2000ஆம் ஆண்டு நோவார்ட்டிசின் விவசாயப் பிரிவும் அஸ்ட்ராசெனெகாவின் விவசாய இரசாயனப் பிரிவும் ஒன்றாகிச் சின்ஜென்டா பிறந்தது.

இதில் இரகசியச் சதி எதுவும் இல்லை. எல்லாம் பத்திரிகையில் வந்த வியாபாரச் செய்தி. 2000க்குப் பிறகு அவை வேறு வேறு கம்பனிகள். நாங்கள் சொல்ல வருவது இவ்வளவுதான்: எங்கள் ஊரில் இரண்டு போத்தலுக்கும் ஒரே பெயர் இருப்பது போல, உலகத்திலும் கொஞ்சக் காலம் இரண்டு போத்தலும் ஒரே வீட்டில் இருந்துதான் வந்தன.

1995

1995இல் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு 47 பேர் என்ற கணக்கில் தற்கொலை நடந்தது. உலகத்திலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று. அதில் பெரும்பங்கு பீடைகொல்லியால் வந்தது. பிறகு வந்த 20 வருடத்தில் அந்த விகிதம் 70 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. இப்படி ஒரு இறக்கத்தை வேறு நாடுகளில் காண்பது அரிது.

எது குறைத்தது? 1990களில் இங்கே மனநல வைத்தியர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவு. யுத்தம் நடந்துகொண்டிருந்தது. 1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் சனம் எங்கள் மாவட்டத்தில் ஓலைக் கொட்டில்களில் இருந்த காலம் அது. மனசுக்கு ஆறுதலான எதுவும் நாட்டில் புதிதாக நடக்கவில்லை.

நடந்தது வேறு. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு பதிவாளரை உருவாக்கியிருந்தது. எந்த நஞ்சு நாட்டுக்குள் வரலாம், எது வரக்கூடாது என்று சொல்லும் அதிகாரம் அந்தக் கதிரைக்கு உண்டு. 1984இல் பரத்தியோனும் மீதைல் பரத்தியோனும் நிறுத்தப்பட்டன. 1995இல் உலக சுகாதார நிறுவனம் முதலாம் வகுப்பு என்று சொல்லும் கடும் நஞ்சுகளில் மிச்சம் இருந்தவை, அந்த மொனோகுரோட்டோபொஸ் உட்பட. 1998இல் எண்டோசல்பான். 2008இல் இருந்து 2011 வரைக்கும் படிப்படியாகப் பரகுவாட், டைமெதொயேட், பென்தியோன். தடைக்கு முந்திய, பிந்திய பத்துப் பத்து வருடங்களை ஆய்வாளர்கள் ஒப்பிட்டாங்க. 1986–95ஐ விட 1996–2005இல் 19,769 தற்கொலைகள் குறைவு. 1995இல் இருந்து 2015 வரை சுமார் 93,000 உயிர் தப்பியது என்பது பின்னர் வந்த மதிப்பீடு. விளைச்சல் இந்தத் தடைகளால் விழவில்லை என்பதையும் ஆய்வுகள் காட்டின.

இதன் பின்னால் இருக்கிற விசயம் எளிமையானது. மனசு உடைகிற நேரம் பலருக்குக் கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்தில் கைக்கு எட்டுவது கொல்லாததாக இருந்தால், ஆள் ஆஸ்பத்திரிக்குப் போய் மறுபடி வீட்டுக்கு வரும். வந்தவர்களில் அநேகம் பேர் பிறகும் வாழ்ந்தாங்க. எங்கள் வயதில் இருக்கிற சிலருக்கு இன்று ஒரு சாச்சா, ஒரு மாமி இருக்கிறது இந்தத் தடைகளால்தான். அவங்களுக்கே அது தெரியாது.

பெட்டியும் தடையும்

அந்தக் காலத்தில் கம்பனிகள் சும்மா இருந்தனவா? இல்லை. தற்கொலையைத் தடுக்க அவையும் முன்வந்தன. ஆனால் எந்த வழியில் என்று பாருங்கள்.

ஒன்று, வீட்டில் பூட்டுப் போட்ட பெட்டி. பீடைகொல்லியை அதற்குள் வைத்துப் பூட்டினால் பாதுகாப்பு. பீடைகொல்லித் தொழில்துறையும் சில சர்வதேச அமைப்புகளும் இந்த வழியை முன்வைத்தன. கேட்க நியாயமாகத்தான் இருக்கு. இதைச் சோதிக்க அநுராதபுரம் பக்கம் 180 கிராமங்களில், 53,382 வீடுகளில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பாதிக் கிராமங்களுக்குப் பெட்டி, மற்றப் பாதிக்கு இல்லை. 2017இல் 'லான்செட்' சஞ்சிகையில் முடிவு வந்தது. பெட்டி கொடுத்த கிராமங்களுக்கும் கொடுக்காத கிராமங்களுக்கும் இடையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

இன்னொன்று, கலவையை மாற்றுவது. 2004இல் சின்ஜென்டா பரகுவாட்டின் புதிய கலவை ஒன்றை இலங்கையில் அறிமுகம் செய்தது. அதனால் உயிர் தப்புகிறவர்கள் கொஞ்சம் கூடினார்களா என்று பார்க்கும் ஆய்வுக்கும் அதே கம்பனிதான் காசு கொடுத்தது. 2008இல் வெளியான அந்த ஆய்வு, தப்புகிறவர்கள் கொஞ்சம் கூடியிருக்கிறார்கள் என்று சொன்னது. அதே 2008இல் அரசாங்கம் பரகுவாட்டைப் படிப்படியாக நிறுத்தத் தொடங்கியது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெட்டி கொடுக்கலாம், கலவையை மாற்றலாம், விழிப்புணர்வு செய்யலாம். இவை எல்லாவற்றுக்கும் அனுசரணை கிடைக்கும், ஏனென்றால் எதிலும் போத்தல் விற்பது நிற்காது. விற்பனையை நிறுத்துகிற தடைக்கு மட்டும் எந்தக் கம்பனியும் பெனர் கட்டாது. ஆனால் அதிகம் பேரைக் காப்பாற்றியது அதுதான்.

எங்கள் துண்டுப்பிரசுரத்துக்குள் இருந்த பிரச்சினையும் இதுதான் என்று அப்போதுதான் பிடிபட்டது. அதில் பொய்யான வசனம் ஒன்றும் இல்லை. "நித்திரை வருவதில்லையா? எதிலும் நாட்டமில்லையா? வைத்தியரை நாடுங்கள்." எல்லாம் சரி. ஆனால் கடனைப் பற்றி ஒரு வரி இல்லை. நுண்கடன் வசூலிக்க வாசலுக்கு வருகிறவர்களைப் பற்றி இல்லை. தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரைப் பற்றி இல்லை. குடித்துவிட்டு அடிக்கிற புருஷனைப் பற்றி இல்லை. வீட்டுத் தாழ்வாரத்தில் இருக்கிற அந்த மற்றப் போத்தலைப் பற்றியும் இல்லை. அந்தப் பிரசுரத்தை எழுதினவர்களுக்கு அதெல்லாம் தெரியாமல் இருக்காது. அதற்கெல்லாம் அவர்களிடம் விற்க ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

எங்களுக்கு முன்பே ஒருத்தர் யோசித்தது

மருந்தைப் பற்றிய அறிவு விற்கிறவனிடமிருந்து வரக்கூடாது என்பது எங்கள் நாட்டுக்குப் புதிய யோசனை இல்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே 1971இல், கம்யூனிஸ்ட் கட்சியின் எஸ்.ஏ. விக்கிரமசிங்கவுடன் சேர்ந்து ஓர் அறிக்கை கொடுத்தார். அதிலிருந்து அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது. கம்பனிப் பெயரில் இல்லாமல் மருந்தின் சொந்தப் பெயரில் வாங்குவது, உலகச் சந்தையில் விலை கேட்டு வாங்குவது, தேவையில்லாத மருந்துகளை நீக்குவது. கம்பனிகள் கடுமையாக எதிர்த்தன. பிபிலே 1977இல் கயானாவில் இறந்தார். அவர் விரும்பிய தேசிய மருந்துக் கொள்கைக்குச் சட்ட வடிவம் கிடைக்க 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வரைக்கும் போனது.

இன்று புத்தளத்திலோ சிலாபத்திலோ அரச ஆஸ்பத்திரியின் மனநல கிளினிக்கில் ஒரு தாய் பிள்ளைக்குக் காசில்லாமல் மருந்து எடுக்கிறார் என்றால், அதில் இலவச சுகாதார சேவையோடு இந்த வரலாற்றுக்கும் பங்கு உண்டு. மருந்துக்கு நாங்கள் எதிரி இல்லை. 2022இல் டொலர் இல்லாமல் ஆஸ்பத்திரிகளில் மருந்து முடிந்தபோது என்ன நடந்தது என்று எல்லோரும் பார்த்தோம். மனச்சிதைவு நோயாளிக்கு ஒரு மாதக் குளிசை தவறினால் அது எந்தக் கட்டுரையாலும் சரிவராது.

அதேபோலத் தடை மட்டும் போதும் என்றும் சொல்லவில்லை. நஞ்சைத் தடை செய்தால் சாவு குறையும், துயரம் குறையாது. இன்னும் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 பேரை இந்த நாடு இப்படி இழக்கிறது. வைத்தியர் வேணும், குளிசை வேணும், பேச ஆள் வேணும், கடனுக்கு ஒரு வழி வேணும், நஞ்சுக்குத் தடையும் வேணும். இதில் எதை முதலில் பேசுவது என்பதை யார் முடிவு செய்கிறாங்க என்பதுதான் எங்கள் கேள்வி.

என்ன செய்தோம்

கடைசியில் அனுசரணையை வேண்டாம் என்றோம். எல்லோரும் ஒருமனதாக இல்லை. எங்களில் இரண்டு பேர் இன்றைக்கும் அது பிழை என்றுதான் சொல்றாங்க. "நீங்க நியாயம் பேசினீங்க, மண்டபத்துக்கு வந்திருக்க வேண்டிய நூறு பேரை இழந்தீங்க" என்கிறாங்க. அந்தக் கணக்கிலும் உண்மை இருக்கு. பெரிய மண்டபம் எடுக்க முடியவில்லை. மரத்தடியில் கதிரை போட்டோம், தேத்தண்ணி நாங்களே போட்டோம். வந்தது நாற்பது பேருக்கும் குறைவு.

ஆனால் துண்டுப்பிரசுரம் நாங்கள் எழுதியது. போட்டோகொப்பிதான், ஒரு பக்கம். நித்திரை வராததைப் பற்றியும் இருந்தது, கடனைப் பற்றியும் இருந்தது. கிளினிக் எந்தக் கிழமை என்று இருந்தது. எந்த நேரமும் பேசக்கூடிய தேசிய மனநல உதவி இலக்கம் 1926 என்று பெரிய எழுத்தில் இருந்தது. தோட்டத்துக்கு அடிக்கிற மருந்தை வீட்டுக்குள் வைக்காதீங்க, தேவைக்கு மேல் வாங்காதீங்க என்றும் இருந்தது. அடியில் செலவுக் கணக்கும் போட்டோம்: யார் யார் எவ்வளவு தந்தாங்க என்று, 200 ரூபாய் தந்தவங்க வரைக்கும்.

கூட்டம் முடிந்து கதிரை அடுக்கிக்கொண்டு இருந்தபோது, வயதான ஒரு தோட்டக்காரர் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "இதுல மருந்து மருந்துன்னு ரெண்டு எடத்துல போட்டிருக்கீங்களே புள்ள, எந்த மருந்தச் சொல்றீங்க?"

அடுத்த முறை அதைத் தெளிவாக எழுதவேண்டும் என்று குறித்துவைத்திருக்கிறோம்.